அப்ராவ் கட்டின ஓலை

ஒலாந்தினாவின் காப்பித் தோட்டத்துக்கு வேலி கிடையாது. நுழைகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தது, அவ்வளவுதான். அதில் ஒரு காய்ந்த பனை ஓலை, ஓர் ஆட்டின் தாடை எலும்பு, சாயம் போன ஒரு சிவப்புத் துணி. அதைத் தாண்டி உள்ளே போக லெத்தஃபோஹோ மலையில் ஒரு ஆம்பளைக்கும் தைரியம் வரவில்லை. எனக்கே வரவில்லை. நான் போலீஸ்காரனையே கடைக்கு வெளியே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறவள்.

அந்த ஓலையைக் கட்டினவன் அவள் புருஷன் அப்ராவ். கட்டின அதே மழைக்காலத்தில் செத்தும் போனான்.

என் தோட்டம் அவள் தோட்டத்துக்கு நேர் கீழே. என் கடை லாரி நிற்கிற வளைவில். ஆகவே அவள் கதையில் பாதி என் கண்ணில் விழுந்தது, மீதி என் காதில் விழுந்தது. அவளாகச் சொன்னது ரொம்பக் கொஞ்சம்.

அவள் மலைக்காரி இல்லை. மவ்பாரா கடற்கரையில் பிறந்தவள். அவள் வீட்டில் பவளக்கல்லைச் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்வார்கள். சந்தை நாளில் கூடையோடு லாரியில் ஏறி இங்கே வந்து விற்பாள். அப்ராவுக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. ஆனாலும் வாரா வாரம் சுண்ணாம்பு வாங்கினான். வீட்டில் சுண்ணாம்பு மூட்டையாகச் சேர்ந்ததும் அவன் அம்மா, "மலைக்கே வெள்ளையடிக்கப் போறியாடா?" என்று கேட்டாளாம். அந்த வருஷமே கல்யாணம் ஆயிற்று.

அவளுக்கு மலை பிடிக்கவில்லை. குளிர் பிடிக்கவில்லை, மூடுபனி பிடிக்கவில்லை. "என்னக்கா இது, மேகம் வீட்டுக்குள்ள வந்து கட்டில்ல உக்காருது" என்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை எதிரே வந்து நிற்கிறதே, மூச்சு முட்டாதா உங்களுக்கு என்று கேட்பாள். நான் பிறந்ததிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்று சொல்வேன். இருந்தாலும் புருஷன்மேல் உயிராக இருந்தாள். அவன் சொன்ன நகைச்சுவைக்கெல்லாம் சிரித்தாள். அதற்கு நிஜமாகவே அன்பு வேண்டும்.

அப்ராவ் நல்லவன், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒரு வருஷம் அறுவடைக்கு முன்னால் யாரோ அவன் தோட்டத்தில் புகுந்து காப்பிக் காயைப் பச்சையாகவே உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கிளையெல்லாம் முறிந்து கிடந்தது. திருடன் தொல்லைக்கு எங்கள் மலையில் தடை கட்டுவது வழக்கம்தான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. குலவீட்டுக்குப் போய்ச் சொல்காரரைக் கூப்பிட வேண்டும். முன்னோரிடம் வீட்டுக்காகப் பேசுகிறவர் அவர்தான். அவர் கோழி அறுத்து, குலவீட்டின் பேரில் தடையைச் சொல்லுவார். வீட்டின் பேரில் கட்டினதை அந்த வீட்டு ஆள் யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம்.

அப்ராவுக்கு அதுவரை பொறுமை எங்கே? தானே ஓலையை வெட்டினான், தானே கோழியை அறுத்தான், தானே கட்டினான். நாங்கள் எல்லாரும் பாதையில் நின்று வேடிக்கை பார்த்தோம். "நான் கட்டுறேன். அப்ராவ் கட்டுறேன். என் கை அவிழ்க்கிற வரைக்கும் இதுக்குள்ள எவன் கை நீண்டாலும், எவன் கத்தி பட்டாலும், அவன் வீட்டுல இருக்குற கடைசிக் குழந்தைக்கு வயிறு ஊதட்டும்!" என்று மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

நான் ஒலாந்தினாவிடம், "விடு, விளையாட்டுப் பய. கோவம் ஆறினதும் அவனே வந்து அவிழ்த்துடுவான்" என்று சொன்னேன். அவளும் சிரித்தாள்.

கோபம் ஆறுவதற்குள் க்ளேனோவுக்குப் போகிற பாதையில் லாரி சரிந்தது. அப்ராவைத் தவிர மற்ற எல்லாரும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்கள். அடக்கம் முடிந்து துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தின பிறகுதான் தான் முழுகாமல் இருப்பது அவளுக்கே உறுதியானது. அவன் சாபம் கொடுத்த அந்தக் கடைசிக் குழந்தை, அவள் வீட்டைப் பொறுத்தவரை, இனிமேல் பிறக்கப்போகிற அவன் பிள்ளைதான். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் செத்தவனைக் கன்னத்தில் அறையலாம் போல வருகிறது.

இனி யார் அவிழ்ப்பது? குலவீட்டில் கூடிப் பேசினார்கள். சொல்காரர் கண்ணை மூடி முன்னோரைக் கேட்டுவிட்டு, "வீட்டுப் பேரில் கட்டியிருந்தால் நான் அவிழ்ப்பேன். அவன் தன் பேரில் கட்டியிருக்கிறான். அவன் கைதான் வேணும்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கை மாதா கோயில் பின்னால் மண்ணுக்கடியில் கிடந்தது.

முதல் வருஷம் காப்பி பழுத்தது. சிவந்து, கறுத்து, கொட்டிப்போனது. ஒலாந்தினா கம்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. அடுத்த வருஷமும் அப்படியே. களை எடுக்க முடியாது, கிளை கழிக்க முடியாது, நிழல் மரத்தை ஒடித்துவிட முடியாது. உள்ளே இருட்டாகி, எப்போதும் ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தது. துரு நோய்க்கு அதைவிடச் சொகுசான இடம் வேண்டாம்.

துருவை நான் முதலில் பார்த்தது என் செடியில். இலைக்கு மேலே மஞ்சளாகச் சின்னப் பொட்டு. திருப்பினால் அடியில் ஆரஞ்சுப் பொடி, தடவினால் விரலில் ஒட்டுகிறது. அடுத்த மழைக்குள் இலையெல்லாம் உதிர்ந்து, காய் மட்டும் தொங்குகிற குச்சியாகச் செடி நின்றது. பிறகு கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.

கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சிப்ரியானோ என்று ஒரு கண்ணாடிக்காரப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான். நல்ல பையன். "கிழட்டுச் செடியை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிடுங்க அத்தை. சாய்வா வெட்டுங்க, தண்ணி தேங்கக் கூடாது. புதுச் சிம்பு வரும், அதுல நல்லதா ரெண்டு மூணு மட்டும் விடுங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மழைக்கு முன்னாடி இலைக்கு அடியில அடிங்க" என்றான்.

"வெட்டினா எப்போ காய்க்கும்?"

"மூணு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் உன் மோட்டார் சைக்கிளைத் தின்னட்டுமா?"

என்னதான் வாயாடினாலும் வெட்டினேன். என் மாமனார் நட்ட செடிகள். என் வீட்டுக்காரர் பார்க்க மாட்டாமல் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அழுதுகொண்டே வெட்டினேன். சிம்பு வந்ததும் ஒவ்வொரு இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திரும்பவும் பொடி.

சிப்ரியானோ தலையைத் தூக்கி மேலே பார்த்தான். "அது யாரு தோட்டம்? பொடி அங்கிருந்துதான் காத்துல இறங்குது. அதை வெட்டாம நீங்க கீழ என்ன செஞ்சாலும் வீண். இன்னும் ஒரு மழை இப்படியே விட்டா அங்க வேரும் செத்துடும்."

"போய் நீயே வெட்டு" என்றேன்.

விறுவிறு என்று ஏறிப் போனான். கம்பைப் பார்த்தான், எலும்பைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டான். "எனக்கும் வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு அத்தை" என்றான். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே, என்ன படித்தால் என்ன?

அன்று சாயங்காலமே ஒலாந்தினாவைக் கடையில் மடக்கினேன்.

"உன் தோட்டத்தால என் தோட்டமும் போவுது. எதாவது செய்யேண்டி!"

"நான் என்னக்கா செய்யட்டும்? காத்தைப் பிடிச்சுக் கட்டவா?"

"குலவீட்டுல போய் உக்காந்து கத்து. சோறு தின்னாம கிட."

அவள் கடைப் பலகையில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, "அதுக்கு அவங்ககிட்ட ஒரு வழி இருக்கு அக்கா. அந்த வழியிலதான் நான் போகக் கூடாதுன்னு இருக்கேன்" என்றாள்.

அப்போதுதான் முழுசாகச் சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஓர் அறுவடை. அதை விற்றுக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு கடற்கரைக்கே போய்விட வேண்டும். வெறுங்கையோடு போனால் அண்ணிமார் அடுப்பில் பங்கு தர மாட்டார்கள். கையில் ஏதாவது இருந்தால், லாரி நிற்கிற இடத்தில் மீன் வறுத்து விற்றுப் பிழைத்துக்கொள்வாள். அதற்காகத்தான் பிள்ளைக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துத் தன் அப்பா பேரை வைத்தாள், பெர்னாபே என்று. குலவீட்டுக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போகவே இல்லை. குலவீட்டில் பேர் சொல்லாத பிள்ளை இன்னும் அந்த வீட்டுப் பிள்ளை ஆகவில்லை. அம்மாவோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அந்த ஒரு வழி என்பது இதுதான். செத்தவன் பேரைக் குலவீட்டில் வைத்து ஒரு குழந்தைக்குக் கொடுத்தால், அந்தக் குழந்தைதான் அவன். எங்களில் இது பேச்சுக்குச் சொல்வது இல்லை. என் மகளுக்கு என் மாமியார் பேர். எனக்குக் கோபம் வந்தால் மகளைத் திட்டுவேன், ஆனால் காலால் மட்டும் தள்ள மாட்டேன். பெர்னாபேயைக் குலவீட்டில் அப்ராவ் என்று கூப்பிட்டுவிட்டால், அவன் கை அப்ராவின் கை. ஓலையை அவன் அவிழ்க்கலாம்.

ஆனால் அவிழ்த்த பிறகு அவன் அந்த வீட்டைவிட்டு எங்கேயும் போக முடியாது. செத்தவனை ஊரைவிட்டுக் கூட்டிப் போவது யார்?

இந்த யோசனையைச் சொன்னவர் அப்ராவின் அண்ணன் திபுர்சியோ. எப்போதும் கக்கத்தில் ஒரு சண்டைச் சேவல் இருக்கும். பேசும்போது அதன் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசுவார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். தம்பி போனதிலிருந்து அவள் வீட்டுக் கூரைக்குப் புல் வேய்வார், சோளம் கொண்டுவந்து வைப்பார், பிள்ளைக்கு ஜுரம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். அவள் கறுப்பு களைகிற சடங்கை மட்டும் தள்ளிக்கொண்டே போனார். தம்பிக்கு எருமை வெட்டிச் செய்ய வேண்டும், பன்றியை வைத்துச் செய்தால் ஊர் சிரிக்கும் என்றார். எருமை கிடைக்கவில்லை. அவளும் கறுப்பிலேயே கிடந்தாள்.

ஒலாந்தினா மற்ற வழியெல்லாம் பார்த்தாள். கோயில் சாமியாரிடம் போனாள். "அது வெறும் ஓலை மகளே, பயப்படாதே" என்றார் அவர். "அப்ப நீங்க வந்து முதல் வெட்டு வெட்டுங்க சாமி" என்றாள். அவர் சிரித்து, ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கூலிக்கு ஆள் கூட்டி வந்தாள். அவர்கள் கம்பைக் கண்டதும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். என்னிடம் கேட்டாள். என் பேரக்குழந்தையின் வயிறு எனக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் அவளே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து, நீள மூங்கிலில் குழாயைக் கட்டி, தோட்டத்துக்கு வெளியே நின்றபடி உள்ளே பீச்சினாள். சுண்ணாம்பைக் கலக்கும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "எங்க வீட்டு வாசம் அக்கா" என்றாள். மருந்து முதல் வரிசைச் செடியைத் தாண்டவில்லை. பாதி காற்றில் திரும்பி அவள்மேலேயே விழுந்தது. கறுப்புத் துணியெல்லாம் நீலப் புள்ளியாக வந்து கடையில் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதற்கு அடுத்து ஒரு நாள் கடையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். பிள்ளை தரையில் விளையாடிக்கொண்டிருந்தான். திபுர்சியோ சேவலோடு வந்தார். வந்தவர் அவள் பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்காலுக்குக் கீழே, கறுப்புத் துணியில், ஆரஞ்சுப் பொடி கோடுகோடாக அப்பியிருந்தது.

"உள்ள போனியா?" என்றார்.

"காத்துல வந்து ஒட்டியிருக்கும் அண்ணே."

"காத்து முழங்காலுக்குக் கீழ மட்டுமா அடிக்குது?"

நான் குறுக்கே புகுந்தேன். "என் தோட்டத்துலயும்தான் துரு இருக்கு. அங்க வந்தா ஒட்டாதா? நீங்க என்ன, பொம்பளை பாவாடையில கணக்கு பாக்குறீங்க?"

"லுக்ரேசியா, உன் வாய்க்கு நான் வரலை" என்றார் அவர். பிறகு அவளிடம், ரொம்பத் தணிவாக, "கத்தி எடுத்துட்டுப் போனியா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. வெறுங்கையோடதான். துரு பிடிச்ச இலையை மட்டும் கொஞ்சம் பறிச்சேன். வேர் உயிரோட இருக்கான்னு பாத்தேன்." கட்டைவிரல் நகத்தை நீட்டிக் காட்டினாள். "இருக்கு அண்ணே. நகத்தால கீறினா உள்ள பச்சை தெரியுது."

அவர் குனிந்து பிள்ளையைத் தூக்கினார். சட்டையை மேலே ஏற்றி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அந்த வாரம் பிள்ளைக்கு வயிறு ஊதினது. நான் கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பூச்சி மருந்து கொடுத்தாள், பூச்சி விழுந்தது, வயிறு வடிந்தது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் பூச்சி இல்லாத பிள்ளை கிடையாது. என் பேரக்குழந்தைக்கும் அதே வாரம்தான் மருந்து கொடுத்தோம். இதையெல்லாம் நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள். மருந்துப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"போனா பட்டினி. இருந்தா இந்த ஓலை. உள்ள கால் வச்சா பிள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து நிக்குதுக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளாகவே திபுர்சியோ வீட்டுக்கு நடந்து போனாள்.

எருமை இல்லாமலே செய்தார்கள். பன்றிதான். ஊர் சிரிக்கவில்லை. குலவீட்டின் இருட்டுக்குள் பிள்ளையைத் தூக்கிப் போய், சொல்காரர் அவன் காதில் பேரைச் சொன்னார். வெளியே வந்ததும் பல்லுப்போன கிழவர்கள் எல்லாம் வரிசையாக வந்து, இன்னும் மூக்கு ஒழுகுகிற அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து, "வந்துட்டியாடா அப்ராவ்?" என்று கேட்டார்கள். திபுர்சியோ, "தம்பி" என்று கூப்பிட்டார். கூப்பிட்டவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். சேவல் கக்கத்திலிருந்து நழுவி ஓடியதுகூட அவருக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன். ஒலாந்தினா அழவில்லை. அவள் அவனைப் பெர்னாபே என்று கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு எல்லாரும் தோட்டத்துக்கு ஏறினோம். கம்புக்கு முன்னால் அவனை நிறுத்தினார்கள். அவன் கை மட்டும்தான் படலாம், வேறு யாரும் உதவக் கூடாது. அவன் ஓலையைப் பார்க்கவே இல்லை. பின்னாலேயே வந்துவிட்ட சேவலைத்தான் பார்த்தான்.

"அவிழ்த்து விடுப்பா அப்ராவ்" என்றார் சொல்காரர்.

"கோழி" என்றான் அப்ராவ்.

"முதல்ல ஓலை. அப்புறம் கோழி."

"கோழிதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது என்று கிழவர்களுக்கு ஒரே சந்தோஷம். சேவல் கம்புக்குப் பக்கத்தில் போய் ஓலையைக் கொத்தினது. அவன் எழுந்து ஓடி, அதை விரட்ட ஒரு கையால் ஓலையைப் பிடித்து இழுத்தான். முடிச்சு அவிழவே இல்லை. நார் பொடிப்பொடியாக உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. எப்போதோ இற்றுப்போயிருக்கிறது. யாராவது ஒரு தடவை பக்கத்தில் நின்று பலமாகத் தும்மியிருந்தால் தானே விழுந்திருக்கும்.

அங்கேயே அவள் தோளிலிருந்து கறுப்புத் துணியை எடுத்தார்கள். உள்ளே பழைய பச்சைச் சட்டை போட்டிருந்தாள், மவ்பாராவிலிருந்து கொண்டுவந்தது. முதல் கத்தியை அவள் கையில்தான் கொடுத்தார்கள். அவள் வெட்டின வேகத்தைப் பார்த்து ஆம்பளைகளே ஒதுங்கி நின்றார்கள். முழங்கால் உயரத்துக்கு, சாய்வாக, ஒரே வெட்டு. அடுத்த செடி. அடுத்த செடி. சிப்ரியானோ பின்னாலேயே ஓடி, "மெதுவா அக்கா, பட்டை கிழியக் கூடாது" என்றான். அவள் காதில் விழவில்லை. துருப்பிடித்த இலை அவள் தலையெல்லாம் கொட்டி, பச்சைச் சட்டை ஆரஞ்சாகிவிட்டது.

வேலை முடிந்து எல்லாரும் வெந்த சோளம் தின்னும்போது திபுர்சியோ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் எல்லாம் அன்பு. "உன்னை நாங்க கட்டி வச்சிருக்கலம்மா. கறுப்பும் எடுத்தாச்சு. இனி நீ நினைச்ச அன்னைக்கு உங்க ஊருக்குப் போகலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். தோட்டத்தை நாங்க பாத்துப்போம். தம்பியையும் நாங்க பாத்துப்போம்" என்றார்.

மனசாரத்தான் சொன்னார். அவள் கையிலிருந்த சோளக் கதிரை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

மழை வந்தது. வெட்டின கட்டையில் பாதிக்கு மேல் சிம்பு விட்டது. மீதி செத்தது. செத்த இடத்தில் துரு தாங்குகிற கன்று என்று சிப்ரியானோ கொண்டுவந்து கொடுத்ததை நட்டாள். காலையில் இலைகளைத் திருப்பிப் பார்க்கப் போனால் வெயில் ஏறித்தான் வருவாள். என் தோட்டத்தில் பொடி குறைந்துவிட்டது. சந்தோஷம்தான். அவளைப் பார்க்கும்போது அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்ட முடியவில்லை. காய்க்க இன்னும் இரண்டு மழை வேண்டும். காய்த்தாலும் அது அப்ராவின் காப்பி.

போன மாதம் அவள் அப்பா செத்துப்போனதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெர்னாபே என்ற அந்தக் கிழவர். திபுர்சியோ உடனே போகச் சொன்னார். வழிக்கு அவரே கோழி அறுத்து வறுத்துக் கட்டிக் கொடுத்தார். பையன் எங்களோடு இருக்கட்டும், நாலு நாள் இருந்துவிட்டு வா என்றார். அவள் பையோடு என் கடை வளைவில் வந்து நின்றாள். வரும்போது நல்ல சுண்ணாம்பாகக் கொண்டுவருகிறேன், மருந்துக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமான வருஷத்துக்குப் பிறகு அவள் கடலைப் பார்க்கவே இல்லை.

லாரி வந்தது. "மவ்பாரா! மவ்பாரா!" என்று கிளீனர் கத்தினான்.

அதற்குள் பையன் ஓடி வந்தான். பின்னால் திபுர்சியோ மூச்சு வாங்க வந்தார். பையன் கையில் ஒரு குச்சி, அதில் வாழை நார் ஒன்று சுற்றியிருந்தது. லாரிக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் குச்சியை மண்ணில் குத்தினான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

"நான் கட்டுறேன். அப்ராவ் கட்டுறேன். அம்மா போகக் கூடாது!"

லாரியே சிரித்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். திபுர்சியோகூடச் சிரித்துவிட்டு, "அவிழ்த்து விடுடா தம்பி, அம்மா வந்துடுவா" என்றார். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். "தாண்டி வா அக்கா, நேரமாச்சு!" என்றான் கிளீனர்.

அவள் தாண்டவில்லை. குனிந்து, "அவிழ்த்து விடு கண்ணு" என்று மட்டும் கேட்டாள். அவன் ம்ஹூம் என்றான். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடியே, உங்க அப்பா செத்துக் கிடக்காருடி! குழந்தை விளையாட்டு இது, தாண்டிப் போ!"

அவள் என்னைப் பார்த்தாள். "அவங்க அப்பா கட்டினப்பவும் நீ இதையேதான் சொன்ன அக்கா" என்றாள்.

கிளீனர் லாரியைத் தட்டினான். லாரி போய்விட்டது. அவள் என் கடைப் பலகையில் உட்கார்ந்து, திபுர்சியோ கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, பையனுக்குக் கோழியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள்.